ஹாஜியார் வீட்டு நாய்

அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாதவர்கள்தான் பிறகு அதிகம் பேசினார்கள்.

மத்தியஸ்த சபையின் தலைவி திருமதி ஹேரத், ஓய்வுபெற்ற அதிபர். அவருக்கு வலப்பக்கத்தில் ரிஸ்மி ஆசிரியர். சிங்களத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் எடுத்துச் சொல்பவர் அவர்தான். இடப்பக்கத்தில் வீரையா, தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு கதிரைகள். ஒன்றில் 42/4ஆம் இலக்க வீட்டு முனாப் ஹாஜியார், அவருக்குப் பின்னால் நின்றபடி மகன் அஸ்ஃபர். மற்றதில் 42/3ஆம் இலக்க வீட்டு ராஜலிங்கம், முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். வாசற்படியில் பள்ளிக்கூடத்து நாய் ஒன்று படுத்துக் கிடந்தது. விசாரணை முடியும்வரை அது ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை.

அவ்வளவுதான். தேத்தண்ணிக் கடை நிஸாம் அங்கே இருக்கவில்லை. இருந்ததாக அவர் சொல்வது பொய்.

ராஜலிங்கம் வெள்ளை நீளக்கைச் சட்டை போட்டு, முழங்கைக்குக் கீழே மடிக்காமல், பொத்தானைப் பூட்டியிருந்தார். முதுகு கதிரையின் சாய்மானத்தில் படவில்லை. பக்கத்துக் கதிரை ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. இருபத்தாறு வருடம் ஒரே மதிலைப் பங்கு போட்ட மனிதர் அதில் இருந்தார். ராஜலிங்கம் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

சங்கதி இதுதான். பேராதனை வீதியிலிருந்து மேலேறும் அந்தக் குறுகிய ஒழுங்கையில் ராஜலிங்கத்தின் வீட்டில் ஜிம்மி என்று ஒரு நாய் இருக்கிறது. மகள் நிரஞ்சனி ஆஸ்பத்திரியில் தாதி. அவளுக்கு இரவு வேலை வரும் நாட்களில் தகப்பன் தனியாக இருக்கக்கூடாதென்று அவளே குட்டியாகக் கொண்டுவந்து வளர்த்தது. நல்ல நாய். தபால்காரரைக் கண்டு குரைக்காது, பால்காரரைக் கண்டு குரைக்காது. ஆனால் விடியற்காலையில் ஹாஜியார் சுபஹு தொழுகைக்குப் போகக் கேட்டைத் திறக்கும்போது அந்தக் கீல் ஒரு தினுசாகக் கிறீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டதும் ஜிம்மிக்குப் பேய் பிடிக்கும். ஹாஜியார் ஒழுங்கை முனையைத் தாண்டும்வரை நிறுத்தாது.

வருடக்கணக்காக அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அஸ்ஃபரின் மனைவி ஜஹானாவுக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் கதை மாறியது. நோன்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது ஹாஜியார் ஒரு பின்னேரம் வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

“ஐயா, ஒரு விசயம். தப்பா நெனக்க வாணாம்.”

“சொல்லுங்க ஹாஜியார்.”

“விடியச் சாமத்துல நாய் கத்துறதுல புள்ள திடுக்கிட்டு எழும்புது. பொறகு ஏழு மணி வரைக்கும் தூங்குறல்ல. ஜஹானாவும் தூங்குறல்ல. அந்த நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் உள்ளுக்குக் கட்டி வெச்சா...”

ஒரு மனிதர் இதைவிடப் பணிவாகக் கேட்க முடியாது. ராஜலிங்கத்துக்கு அது தெரியும். ஆனாலும் அவர் காதில் விழுந்தது வேறு. தன் வீட்டைப் பற்றி இன்னொருவர் குறை சொல்லி அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை. துரைமார்கூடச் சொன்னதில்லை.

“பார்ப்போம்” என்றார். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து நிஸாமின் கடையில் பாண் வாங்கும்போது நிஸாம் பல்லைக் காட்டினார். “என்ன கிளாக்கரையா, ஒங்கட நாய்க்கு யாரோ பெட்டிசம் எழுதப்போறாங்களாமே? மேல் பக்கத்து ஆக்கள் கதைக்கிறாங்க.”

“யாரு?”

“அது நமக்கு என்னத்துக்கு? நமக்கு எல்லாரும் கஸ்டமர்தானே.”

கிளாக்கர் புத்தி என்று ஒன்று உண்டு. எவனாவது எழுதுவதற்கு முன்னால் நாம் எழுதிவிட வேண்டும். பைலில் முதல் கடிதம் யாருடையதோ, அவன் பக்கம்தான் நியாயம். ராஜலிங்கம் அன்றைக்கே ஜிம்மியின் தடுப்பூசி அட்டையையும் லைசன்ஸ் துண்டையும் ஒரு பெரிய உறையில் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். தன் நாய் ஒழுங்கான நாய், பதிவு உள்ள நாய், நாளைக்கு யாராவது முறைப்பாடு செய்தால் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்று ஒரு என்ட்ரி போட்டுவைப்பதுதான் நோக்கம்.

அங்கே இருந்த கான்ஸ்டபிள் சின்ன வயது. ராஜலிங்கம் சிங்களம் பேசுவார், சந்தையில் பேசுகிற அளவுக்கு. பொலிஸில் சந்தைச் சிங்களம் பேசுவது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. இங்கிலீசில் பேசினார். தோட்டத்துக் கந்தோரில் பேசிய அந்தப் பழைய, நீளமான இங்கிலீசு. பையன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். இடையிடையே சிங்களத்தில் கேள்வி கேட்டான். நாயா? எந்நேரம் குரைக்கும்? பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன? ராஜலிங்கம் சொன்னார். பையன் பெரிய புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதி, அதைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினான். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் சேர் என்றான்.

ராஜலிங்கம் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். சிங்கள எழுத்துகள் வட்டம் வட்டமாக ஓடின. அவற்றில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. படித்த காலத்தில் அதைப் படிக்கவில்லை. படிக்க வேண்டிய காலத்தில் பெரிய கிளாக்கராக இருந்தார், யாரிடம் போய்ப் படிப்பது? அவர் வரிக்கு வரி கண்ணை ஓட்டினார். பக்கத்தைத் திருப்ப வேண்டிய நேரத்தில் திருப்பினார். கடைசியில் “குட்” என்று சொல்லி, பேனாவின் மூடியைத் திறந்து, தன் முழுப்பெயரையும் இங்கிலீசில் சாய்வாக எழுதினார். அழகான கையெழுத்து. கான்ஸ்டபிள்கூட ஒரு கணம் அதைப் பார்த்து நின்றான்.

வீட்டுக்கு வரும்போது அவருக்கு மனம் நிறைந்திருந்தது. அந்த ஒன்றரைப் பக்கத்தில் என்ன இருந்தது என்பது அவருக்கு வெகுநாள் தெரியாது.

நோன்பு முடிய நாலு நாள் இருக்கும்போது அந்தக் கடிதம் வந்தது. அரசாங்க முத்திரை. முழுக்கச் சிங்களம். இங்கிலீசில் இருந்தவை இவ்வளவுதான்: அவருடைய பெயர், முனாப்பின் பெயர், இரண்டு வீட்டு இலக்கங்களும் ஒரு திகதியும். தபால்காரரிடம் வாய்தவறிக் கேட்பதுபோல், “இது எங்கேயிருந்து?” என்றார்.

“மத்தியஸ்த சபை, சேர். அக்கம்பக்கத்துச் சண்டை விசாரிக்கிற எடம்.”

ராஜலிங்கம் கேட்டைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தகப்பன் பெரிய கங்காணி. பாட்டன் கப்பலில் வந்தவர். மூன்று தலைமுறையில் இந்தக் குடும்பத்துக்கு இப்படி ஓர் அழைப்பு வந்ததில்லை. கோர்ட்டுக்குப் போனதில்லை, பொலிஸ் வாசல் மிதித்ததில்லை. அவர் அன்றைக்குப் போனது வேறு, மரியாதையாகப் போனது. இப்போது நாய்க்காக ஒரு விசாரணை! அதுவும் யார்? நோன்புக் கஞ்சி அனுப்புகிற கையால் எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு நேற்றும் அனுப்பியிருக்கிறார். அந்தக் கஞ்சியை இவர் குடித்தும்விட்டார்.

கடிதத்தை மகளிடம் காட்டவில்லை. அவள் சிங்களம் தண்ணீர்போல வாசிப்பாள். ஆனால் இப்படி ஒரு காகிதத்தை மகள் கையில் கொடுப்பதைவிட அதை விழுங்கிவிடலாம். அலுமாரியில் ஜாதகங்களுக்குக் கீழே வைத்துப் பூட்டினார்.

மறுநாள் பின்னேரம் ஹாஜியார் கேட்டருகே வந்து நின்றார். கையில் அதேபோல ஒரு கடிதம். ராஜலிங்கம் திரைச்சீலை இடுக்கால் பார்த்தார்.

“நிரஞ்சனி, அப்பா இல்லைன்னு சொல்லு.”

“ஏன்ப்பா? ஹாஜியார் மாமாதானே?”

“சொன்னதைச் செய்.”

அவள் போய்ச் சொன்னாள். ஹாஜியார் திரைச்சீலையை ஒரு தரம் பார்த்தார். பிறகு அவளிடம், “பரவால்ல மகள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெருநாள் வந்தது. ஒவ்வொரு பெருநாளும் ஹாஜியாரின் மனைவி றமீலா ஒரு பீங்கான் கோப்பையில், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் அனுப்புவார். நீலப்பூப் போட்ட கோப்பை. கோப்பை திரும்பிப் போகும்போது வெறுமையாகப் போகாது. அது இரண்டு வீட்டுக்கும் பொதுவான வழக்கம், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சீனி போட்டுக் கொடுப்பார்கள், அல்லது நாலு கொய்யாப்பழம், ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி பச்சரிசி. நிரஞ்சனியின் தாய் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு தடவை வீட்டில் எதுவும் இல்லாமல், முற்றத்து ரோசாப்பூவைப் பறித்து வைத்து அனுப்பினார். அதை றமீலா இன்றைக்கும் சொல்லுவார்.

இந்த வருடமும் கோப்பை வந்தது. ராஜலிங்கம் வட்டிலப்பத்தைத் தொடவில்லை, நிரஞ்சனிதான் சாப்பிட்டாள். நிரஞ்சனி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கோப்பையைத் தானே கழுவினார், தானே துடைத்தார். மதிலுக்கு மேலால் நீட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து றமீலா இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியதும் உள்ளே பார்த்தார்.

வெறும் கோப்பை.

றமீலா கோப்பையைச் சாய்த்து இன்னொரு தரம் பார்த்தார், ஏதாவது அடியில் ஒட்டியிருக்குமோ என்பதுபோல. பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு ஜஹானா மதில் பக்கத்துச் சன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. அதன்பிறகு அந்தச் சன்னல் திறக்கவில்லை.

அந்த நிலையில்தான் இரண்டு வீட்டாரும் அந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நிரஞ்சனியிடம் ராஜலிங்கம், கடுகண்ணாவையில் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

திருமதி ஹேரத் பைலைத் திறந்தார். சிங்களத்தில் நாலு வரி வாசித்துவிட்டு ரிஸ்மி ஆசிரியரைப் பார்த்தார். ரிஸ்மி தமிழில் சொன்னார்.

“முறைப்பாட்டாளர் திரு. ராஜலிங்கம்.”

ராஜலிங்கம் நிமிர்ந்தார். “தவறு. நான் எதிர்த் தரப்பு.”

“இல்லைங்க ஐயா. நீங்கதான் முறைப்பாட்டாளர். எதிர்த் தரப்பு முனாப் ஹாஜியார்.”

“என்ன சொல்றீங்க?”

“வாசிக்கிறேன், கேளுங்க.” ரிஸ்மி கடதாசியைக் கிட்டப் பிடித்தார். “எனது அயல் வீட்டில் வசிக்கும் முனாப் என்பவர் ஒரு நாயை வளர்த்து வருகிறார். அந்த நாய் தினமும் அதிகாலையில் பலமாகக் குரைப்பதால் எனக்கும் அயலவருக்கும் தொல்லையாக இருக்கிறது. இது சம்பந்தமாக நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலே உள்ளதை நான் வாசித்து விளங்கிக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.”

ராஜலிங்கத்துக்கு முதலில் எதுவும் உள்ளே இறங்கவில்லை. யாரோ யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்றிருந்தது. பிறகு ரிஸ்மி அந்தத் தாளைத் திருப்பிக் காட்டினார். வட்ட வட்ட எழுத்துகளுக்குக் கீழே, சாய்வாக, அழகாக, அவருடைய கையெழுத்து. கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து பார்த்தார். அது அங்கேயே இருந்தது.

ஹாஜியார் வாய் திறந்தார். கோபம் இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

“அம்மா, எனக்கு எழுபது வயசு. என்ட ஊட்டுல நாய் ஈக்கிதாம். இவங்களுக்குத் தெரியும் என்ட ஊட்டுல நாய் இல்லண்டு. இருவத்தாறு வருசம் பக்கத்துல ஈக்கிறாங்க. நாய் ஆர்ட எண்டு ஒழுங்கைக்கே தெரியும். பொறகு ஏன் இப்பிடி எழுதினாங்கண்டு நான் கேக்கப் போனேன். ஊட்டுல இல்லண்டு செல்லி அனுப்பினாங்க.”

அஸ்ஃபர் பின்னாலிருந்து பொறுக்கமாட்டாமல் சொன்னான்: “வாப்பா பள்ளிவாசலுக்குப் போக வெக்கப்படுறாங்க. நாய் பட்டா எங்களுக்கு அசுத்தம்தானே. ஆக்கள் கேக்குறாங்க, ‘ஹாஜியார், புது நாய் எப்பிடி? நக்கினா ஏழு தடவ கழுவோணுமே, டாங்க்ல தண்ணி போதுமா?’ண்டு. பகிடியாத்தான். ஆனா தெனமும் பகிடி.”

“நீ சும்மா இரி மகன்” என்றார் ஹாஜியார்.

அப்போதுதான் வீரையா பேசினார். அதுவரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. முன்னால் சாய்ந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“ஐயா, நீங்க இதை வாசிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?”

ஒரு கேள்விதான். ஆனால் ராஜலிங்கத்துக்கு அதன் இரண்டு பக்கமும் பள்ளம். ஆம் என்றால், இருபத்தாறு வருட அயலவர்மேல், ஹஜ் செய்த மனிதர்மேல், வேண்டுமென்றே சேறு பூசியவர் ஆகிறார். இல்லை என்றால், ஒழுங்கை முழுவதற்கும் இங்கிலீசில் கடிதம் எழுதிக் கொடுக்கிற பெரிய கிளாக்கர், முன்னால் வைத்த காகிதத்தில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் பெயரை எழுதியவர் ஆகிறார்.

அவர் மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடித்தார்.

“அன்றைக்கு நான் கண்ணாடி கொண்டு போகல. வாசிக்க முடியல. அந்தப் பையன் பிழையா எழுதிட்டான். நாய் என்னுடையது. ஹாஜியார்மேல எனக்கு முறைப்பாடு எதுவும் கிடையாது.”

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. ஆனால் காது மடல் சுட்டது. வீரையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்து ஏதோ எழுதினார்.

சண்டை இல்லாத இடத்தில் சபைக்கு வேலை இல்லை. திருமதி ஹேரத் பைலை மூடினார். ரிஸ்மி இரண்டு தரப்பிடமும் கையெழுத்துக் கேட்டார். இந்த முறை தாள் தமிழில் இருந்தது. ராஜலிங்கம் அதை இரண்டு தடவை வாசித்தார்.

வெளியே படியிறங்கும்போது வீரையா பின்னாலேயே வந்தார்.

“என்னை ஞாபகம் இருக்குங்களா ஐயா? தோட்டத்து மூணாம் நம்பர் லயத்து வீடு. மூக்காயி மகன்.”

ராஜலிங்கம் நின்றார். மூக்காயி. மெலிந்த, உயரமான பெண். ஒருநாள் கந்தோர் மேசைக்கு முன்னால் நின்று, ஒரு இங்கிலீசுப் பாரத்தைக் காட்டி, ‘இதுல என்ன எழுதியிருக்குங்க சாமி?’ என்று கேட்டவள். ‘தெரிஞ்சு என்ன செய்யப் போற? வை கையை’ என்று பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தியது அவர்தான். அவளை வேறு டிவிசனுக்கு மாற்றும் பாரம் அது. அது அவளுக்கு மறுவாரம்தான் தெரிந்தது. இத்தனை வருடமும் அது அவருக்கு நினைவில் வந்ததேயில்லை.

“அம்மா சுகமா?” என்றார்.

“அம்மா போய் ஒம்பது வருசமுங்க.” வீரையா கொஞ்சம் சிரித்தார். “ஐயாவைப் பத்திச் சொல்லும். பெரிய கிளாக்கரையா தூங்கும்போதும் கண்ணாடியைக் கழட்ட மாட்டாரு போலன்னு. சரிங்க ஐயா, பாத்துப் போங்க. படி வழுக்கும்.”

அவர் போய்விட்டார். ராஜலிங்கம் அந்த இடத்திலேயே நின்றார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. கண்ணாடி அங்கேதான் இருந்தது.

பஸ் தரிப்பிடத்தில் ஹாஜியார் தனியாக நின்றார். அஸ்ஃபர் முச்சக்கரவண்டி பிடிக்கப் போயிருந்தான். ராஜலிங்கம் பக்கத்தில் போனார். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ தடவை அந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். இன்றைக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“ஹாஜியார், நீங்கதான் எழுதினீங்கன்னு நெனைச்சேன்.”

ஹாஜியார் திடுக்கிட்டுத் திரும்பினார். “நானா? நான் ஒங்களுக்கு எதிராவா?”

“ஆமா.”

“அதுக்குத்தான் கோப்ப வெறுமையா வந்திச்சா?”

ராஜலிங்கம் தலையை ஆட்டினார். ஹாஜியார் வீதிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“றமீலா அண்டைக்குச் சாப்பிடல்ல. பெருநாளண்டு. நான் என்ன பாவம் செஞ்சேன், ஒங்கட ஊட்டு அக்கா இருந்தா இப்பிடி அனுப்புவாங்களாண்டு கேட்டுக் கேட்டு அழுதா.” அவர் தொப்பியைச் சரிசெய்தார். “சரி ஐயா. உள்ளுக்குச் சொன்னீங்க, நாய் ஒங்கட எண்டு. அங்க அஞ்சு பேர் கேட்டாங்க. நிஸாம்ட கடையில அம்பது பேர் கதைக்கிறாங்க.”

முச்சக்கரவண்டி வந்தது. வாங்க என்று கூப்பிடவில்லை. அதை ராஜலிங்கம் குற்றமாக எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தார். ஜாதகங்களுக்குக் கீழேயிருந்த கடிதத்தை எடுத்து மகளிடம் நீட்டினார்.

“இதை வாசி.”

நிரஞ்சனி வாசித்தாள். பாதியில் நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா, இது... நீங்களா ஹாஜியார் மாமாவுக்கு எதிரா...”

“முழுக்க வாசி. சத்தமா.”

அவள் வாசித்து, தமிழில் சொன்னாள். கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே எல்லாம் இருந்தது. முறைப்பாட்டாளர் இவர், எதிராளி அவர். நாலு நாள், ஐந்து நாள் அல்ல, முழுதாக மூன்று வாரம் அது அலுமாரிக்குள் இருந்திருக்கிறது.

“இதை அன்னைக்கே என்கிட்ட காட்டியிருந்தா?” நிரஞ்சனியின் குரல் உடைந்தது. “ஒரு நிமிசம்ப்பா. ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். நானும் அவர் மூஞ்சியைப் பாத்து இல்லைன்னு பொய் சொல்லிட்டு வந்தேனே.”

“உங்கப்பனுக்கு...” என்று தொடங்கினார். மீதி வரவில்லை. அவள் புரிந்துகொண்டாள். இத்தனை வருடமும் வரிப் பத்திரத்தையும் தண்ணீர்ப் பில்லையும் ‘கண் வலிக்குது, நீயே பாரு’ என்று ஏன் தள்ளிவிட்டார் என்பது அவளுக்கு அந்த நிமிடத்தில் தெரிந்தது. கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தேங்காய் துருவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மறுநாளிலிருந்து ராஜலிங்கம் சுபஹுக்கு முன்பே எழும்பினார். ஜிம்மியை அடுப்படிக்குள் கூட்டிப்போய், கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு, முக்காலியில் இருந்தார். ஹாஜியார் வீட்டுக் கேட் கிறீச்சிடும். நாயின் உடம்பு முழுவதும் விறைக்கும், தொண்டைக்குள் உறுமும். “உஸ்” என்பார். செருப்புச் சத்தம் ஒழுங்கை முனையைத் தாண்டியதும் ஒரு விசுக்கோத்துத் துண்டு கொடுப்பார். மூன்றாம் நாள் ஜிம்மி உறுமவும் இல்லை. விசுக்கோத்துக்காக வாலை மட்டும் ஆட்டியது. இவ்வளவுதானா என்று ராஜலிங்கம் மலைத்துப்போனார். இவ்வளவு சின்ன வேலைக்கா?

ஆனால் சன்னல் இன்னும் சாத்தியே இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஆட்கள் நிஸாமின் கடையில்தான் கூடுவார்கள். தேத்தண்ணி, றோல்ஸ், ஊர்க்கதை. பஸ்ஸுக்கு நிற்கும் மற்றவர்களும் சேர்ந்தால் உள்ளே கால் வைக்க இடமிருக்காது. அந்த நேரத்தில் ராஜலிங்கம் ஒருநாளும் அங்கே போனதில்லை. கூட்டத்தில் நின்று தேத்தண்ணி குடிப்பது அவர் வழக்கமல்ல. அன்றைக்குப் போனார். அதே வெள்ளைச் சட்டை, பொத்தான் பூட்டிய கை.

உள்ளே நிஸாம், ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியைவிட உயரமாகக் கதையை ஆற்றிக்கொண்டிருந்தார். “நான் கண்ணால கண்டேன். மண்டபத்துல ஹாஜியார் ஒரு சொல்லும் பேசல்ல. எப்பிடிப் பேசுற? ஹாஜியார்ட புது நாய் கிளாக்கரையாவக் கடிச்சு, ஆறு ஊசி போட்டாம். அதுக்குத்தானே பொலிசுக்குப் போனாரு. இப்ப நாய அலவத்துகொடப் பக்கம் கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிருக்காங்களாம்.”

“ஊட்டுல நாய் வெச்சிட்டு முன் வரிசையில தொழ வாறாரு” என்றது ஒரு குரல்.

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ராஜலிங்கத்தைக் கண்டுவிட்டார்கள். அவருக்குப் பின்னால், கடை வாசலில், முனாப் ஹாஜியாரும் வந்து நின்றிருந்தார். பேரப்பிள்ளைக்குப் பால்மா வாங்க வந்தவர். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் திரும்பிப் போக ஒரு அடி எடுத்து வைத்தார்.

“ஹாஜியார், நில்லுங்க” என்றார் ராஜலிங்கம்.

நிஸாம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். “வாங்க கிளாக்கரையா, இரிங்க. இப்பதான் ஒங்களப் பத்தி...”

“உட்கார வரல.”

ராஜலிங்கம் எல்லாருடைய முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். இங்கிலீசுக் கடிதத்துக்காகத் தன் வீட்டு வாசலில் நின்றவர்கள் அதில் பாதிப்பேர். நாளைக்கு இவர்களில் ஒருவர்கூட அந்த வாசலுக்கு வராமல் போகலாம். முதுகை நிமிர்த்தினார். சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்து, எல்லாரும் பார்க்க, மேசையில் வைத்தார்.

“நாய் ஹாஜியாருடையது இல்ல. அவர் வீட்டுல நாய் இருந்ததே கிடையாது. நாய் என்னுடையது. அது என்னைக் கடிக்கல, எனக்கு யாரும் ஊசி போடல. அது இப்பவும் என் வீட்டு அடுப்படியிலதான் படுத்திருக்கு, யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம். பொலிசுக்குப் போனது நான். அங்கே எழுதியிருந்ததுக்குக் கீழே கையெழுத்துப் போட்டதும் நான். அன்னைக்குக் கண்ணாடி இல்லைன்னு சபையில சொன்னேன், அது பொய். கண்ணாடி இருந்துச்சு. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.”